பன்னிரண்டு ஆண்டுப் பழைய வழக்கை நீக்கிய அனுபவம்: நீதிமன்றச் சேவைகள் பற்றி ஒரு மதிப்புரை

என் தம்பியின் மீது 2011-இல் பதிவான ஒரு வழக்கை ரத்து செய்து, அது அவனுடைய கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் இனிக் குறுக்கே வராதபடி செய்து முடிக்க எங்களுக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. அதில் உயர் நீதிமன்றத்தில் கழிந்தவை ஏழு வாரங்கள் மட்டுமே. மற்ற மாதங்கள் முழுவதும், உத்தரவுக்கு முன்பு அதற்கான தாள்களைத் திரட்டுவதிலும், உத்தரவு வந்த பின்பு அதை அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுசேர்ப்பதிலும் கழிந்தன. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டால் பழைய வழக்கு துடைக்கப்பட்டுவிடும் என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் பல உண்டு என்பதால், எந்தக் கட்டத்தில் எந்தச் சேவை எப்படி இருந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன். உள்ளூர்க் காவல் நிலையம், உள்ளூர் நீதிமன்றம், வழக்கறிஞர் ஆகியோரின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

வழக்கின் கதை சிறியது. தென்மாவட்டம் ஒன்றில் உள்ள எங்கள் ஊரில், வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியது தொடர்பாகத் தம்பிக்கும், உறவுமுறையில் எங்களுக்கு மாமாவாகும் ஒருவருக்கும் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது. அவர் அன்று மாலையே புகார் கொடுத்தார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்தார்கள்; கைது எதுவும் நடக்கவில்லை; அதோடு தீர்ந்தது என்றே இரு வீட்டாரும் எண்ணிக்கொண்டோம். அடுத்த ஆண்டு தம்பி சென்னைக்கு வேலைக்குச் சென்றான். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் மொய் எழுதினோம். எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். 2023-இல் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோதுதான், காவல்துறை அறிக்கை பாதகமாக வந்திருப்பதாகவும், நிலுவையில் உள்ள குற்ற வழக்குக்கு விளக்கம் தர வேண்டும் என்றும் கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் வந்த பிறகு நாங்கள் செய்த முதல் வேலையும், செலவில்லாத வேலையும், நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் தேடியதுதான். கட்சிக்காரரின் பெயரைக் கொண்டோ, காவல் நிலையத்தையும் முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் கொண்டோ அதில் தேட முடிகிறது. வழக்கு கிடைத்ததும் அதற்குரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், பிறகு எந்த நீதிமன்றத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2012-இல் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் எண்ணிடப்பட்டு, அழைப்பாணை சார்வு ஆகவில்லை, அதாவது தம்பியின் கைக்குச் சேரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாய்தா போடப்பட்டு வந்த வழக்கு அது என்பதை அந்தத் திரையில்தான் கண்டோம். இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். 2016 நவம்பர் முதல், பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் ஆணை. ஆகவே அதற்குப் பிந்தைய வழக்கு என்றால் அறிக்கையின் நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பெற்றுவிடலாம். எங்கள் வழக்கு அதற்கு முந்தையது என்பதால், நகல் மனு போட்டு நீதிமன்றத்திலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது.

அந்த நகலுக்காக மட்டும் தம்பி நான்கு முறை ஊருக்கு வந்தான். பழைய வழக்குக் கட்டுகள் பதிவறையில் இருக்கின்றன, எடுத்துத் தர ஆள் இல்லை என்ற பதிலே மூன்று முறை கிடைத்தது. மனு கொடுத்த நாளைக் குறித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறாதது எங்கள் பக்கத்துத் தவறு. மூன்றாம் முறை அதைக் கேட்டு வாங்கிய பிறகு, எட்டு நாளில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகிய அனைத்தின் சான்றிட்ட நகல்களும் கைக்கு வந்தன. இந்தக் கட்டத்துக்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை. அங்கிருந்த இரண்டு ஊழியர்கள் மூன்று பேருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தாள்கள் வந்ததும் யோசனைகளும் வந்து குவிந்தன. இங்கேதான் ஒரு குடும்பம் வழி தவறிவிடக்கூடும் என்பதால் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூரில் நாங்கள் கேட்ட முதல் யோசனை, நேரில் ஆஜராகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம், ஒரே நாளில் கட்டு மூடிவிடும் என்பது. அக்கறையுடன் சொல்லப்பட்ட யோசனைதான். கேட்பதற்கு மலிவாகவும் எளிதாகவும் இருந்தது. ஆனால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனைத் தீர்ப்பு. நிலுவையில் இருக்கும் ஒரு குற்றச்சாட்டை, நிரூபிக்கப்பட்ட குற்றமாக நம் கையாலேயே மாற்றிக்கொள்வது அது. வேலை விண்ணப்பத்தில் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுதும் ஆம் என்று எழுத வேண்டிவரும். சில நூறு ரூபாய் அபராதத்துக்குப் பின்னால் இவ்வளவு இருப்பதை யாரும் விளக்காமலேயே இளைஞர்கள் கையெழுத்திடுகிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

இந்தியாவில், வயது வந்தவர்மீது பதிவான குற்ற வழக்கின் பதிவை அழித்துத் தாருங்கள் என்று கேட்பதற்கான தனிச் சட்டம் இல்லை. 18 வயது நிறைவதற்கு முன் நடந்த செயலுக்கு மட்டும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவில், தகுதியிழப்பு ஏற்படாது என்றும், கொடுங்குற்றங்கள் சார்ந்த விதிவிலக்கு நீங்கலாக, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. தம்பிக்கு அப்போது 22 வயது. எனவே அவனுக்கு இருந்த வழிகள் இரண்டு: உள்ளூர் நீதிமன்றத்தில் விசாரணையைச் சந்தித்து விடுதலை பெறுவது, அல்லது உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கோருவது.

பிரிவுகளைப் பார்த்தால் இந்தத் தேர்வின் கணக்கு புரியும். வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) ஆகிய பிரிவுகளில் பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டில் தெருச்சண்டை, வரப்புச் சண்டை எதுவானாலும் இந்த மூன்றும் கூட்டாளிகள்போலச் சேர்ந்தே வரும். அடித்தல் தொடர்பான 323-ஐ, அடிபட்டவர் சம்மதித்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவின்கீழ் உள்ளூர் நீதிமன்றத்திலேயே சமரசமாக முடிக்கலாம். அப்படி முடிப்பது விடுதலைக்குச் சமம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாகக் கூறும் 294(பி) அந்தச் சமரசப் பட்டியலில் இல்லை. புகார் கொடுத்தவரே கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாலும், நடுவரால் வழக்கு முழுவதையும் சமரசத்தில் மூட முடியாமல் போவதற்கு இந்த ஒரு பிரிவு போதும். கொலை மிரட்டல் போன்ற கடும் மிரட்டல் தொடர்பான 506(2) செய்யும் வேலை வேறு. 323-க்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு என்பதால், அது மட்டும் இருந்தால் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க ஓராண்டுக் காலவரம்பு உண்டு. ஏழாண்டு வரை தண்டனை உள்ள 506(2) சேர்ந்துவிட்டால் அந்தக் காலவரம்பு பொருந்தாது. ஒரு வாய்க்கால் தகராறு பன்னிரண்டு ஆண்டுகள் சாகாமல் இருந்ததற்குப் பின்னால் இந்தச் சேர்மானம் இருந்தது. 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சம்பவங்களுக்கு இவையே, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351(3) என்ற எண்களில் வருகின்றன.

மாமாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னபோது அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். “மாப்பிள்ள, அந்தக் கேசு இன்னுமா உசுரோட இருக்கு? நான் அன்னிக்கே வாபஸ்னு எழுதிக் கொடுத்துட்டேனே” என்றார். அவர் எழுதிக் கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவான பின் புகார்தாரர் காவல் நிலையத்தில் கொடுக்கும் கடிதம் வழக்கை முடித்துவிடாது. காவல்துறை தன் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது.

மாமா சாட்சிக் கூண்டில் ஏறி எனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டால் தம்பி விடுதலையாகிவிடுவானே என்று கேட்டோம். நாங்கள் அமர்த்திய வழக்கறிஞர், பிறழ் சாட்சியத்தால், அதாவது சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்வதால், கிடைக்கும் விடுதலை எல்லா இடத்திலும் மாசற்ற விடுதலையாக மதிக்கப்படுவதில்லை என்று விளக்கினார். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளப்படுவார். இதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் உறுதிசெய்திருக்கிறது. தம்பி காவல் பணிக்கு முயலவில்லை என்றாலும், நடந்ததை நடக்கவில்லை என்று மாமாவைச் சத்தியம் செய்யவைப்பதில் எங்களில் யாருக்கும் விருப்பமில்லை. இப்படித்தான் உயர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

சமரசப் பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்தாலும், தகராறு தனிப்பட்ட தன்மை கொண்டதாகவும், இரு தரப்பும் மனமொத்துத் தீர்த்துக்கொண்டதாகவும் இருந்தால், உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு வழக்கை ரத்து செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2012-இல் கியான் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற, சமூகத்தையே பாதிக்கும் குற்றங்களுக்கு இந்த வழி திறக்காது. அந்த அதிகாரம் அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவில் இருந்தது; இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவில் இருக்கிறது. சமரசம் இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. புகாரில் சொன்னவற்றை அப்படியே ஏற்றாலும் குற்றமே ஆகாது என்பன போன்ற ஏழு வகைச் சூழல்களைப் பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வகுத்துக் கொடுத்திருக்கிறது. போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் வழக்கு வாங்கிய மாணவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு. அந்தப் பிரிவில் காவல்துறை நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் முறையீடு செய்ய வேண்டும் என்று 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு அது.

2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கும் முன்பு, தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் இத்தகைய மனுவுக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. எங்களுக்கு, அந்தக் கிளை இருக்கும் ஒத்தக்கடை வரையிலான பேருந்துப் பயணம் போதுமானதாக இருந்தது. வழக்கறிஞர் மனுவுடன் கூட்டுச் சமரசக் குறிப்பு ஒன்றையும், இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களையும், ஆதார் நகல்களையும் சேர்த்துத் தாக்கல் செய்தார். விசாரணை நாளில் தம்பியும் மாமாவும் நேரில் நின்றார்கள். காவல் நிலையத்திலிருந்து வந்திருந்த உதவி ஆய்வாளர் இருவரையும் அடையாளம் காட்டினார். நீதிபதி மாமாவை நோக்கி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் சம்மதிக்கிறீர்களா என்று தமிழில் கேட்டார். “யாரும் வற்புறுத்தலைங்கய்யா, அவன் எங்க வீட்டுப் பையன்” என்றார் மாமா. ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. நீதிமன்றத்தைப் பார்த்து அஞ்சியே வளர்ந்த ஒரு விவசாயியிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் இருந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். இ-கோர்ட்ஸ் செயலியைத் தவிர, ஐந்துக்கு ஐந்து தரத் தகுதியான சேவை இந்தப் பயணத்தில் இது ஒன்றே.

வழக்கறிஞரின் கட்டணம், தட்டச்சு, நகல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. நீதிமன்றத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் இதில் மிகச் சொற்பம். அவருடைய பணியில் எனக்கு நிறைவே. மனுவைத் திறமையாக எழுதினார், தொலைபேசியை எடுத்தார், சொன்ன தொகைக்கு மேல் கேட்கவில்லை. ஒரு குறை மட்டும் பெரியது. உத்தரவு கிடைத்த அன்று, இனி உங்களுக்கு வழக்கே இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்று வாழ்த்தி அனுப்பினாரே தவிர, அந்தத் தாளை யாரிடமெல்லாம் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொன்னவர் அவருடைய குமாஸ்தா. வாசலில் எங்களை நிறுத்தி, “தம்பி, ஆர்டரை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா ஒன்னும் நடக்காது. அஞ்சாறு சான்று நகல் வாங்கிக்கங்க. கீழ்க்கோர்ட்டு, ஸ்டேஷன், எஸ்.பி. ஆபீஸ், பாஸ்போர்ட் ஆபீஸ், எல்லா இடத்துலயும் கொடுத்து ரசீது வாங்கிக்கங்க” என்றார். அவர் அன்று வாசலுக்கு வந்திராவிட்டால், ரத்தான வழக்கு இன்றைக்கும் தம்பியின் பெயரில் நிலுவையாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் எளியது. உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வழக்கின் உயிரை எடுக்கிறது. ஆனால் வழக்கின் பதிவு உள்ளூர் நீதிமன்றத்தின் பதிவேட்டிலும், காவல் நிலையத்தின் கணினியிலும், மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திலும் தனித்தனியாக இருக்கிறது. உத்தரவை அங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு, நடைமுறையில், வழக்கில் சிக்கியவன் தலையில் விழுகிறது. உத்தரவு பிறந்து இரண்டு மாதம் கழித்து இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்தபோதும் உள்ளூர் வழக்கு நிலுவை என்றே காட்டியது. சான்றிட்ட நகலுடன் ஒரு குறிப்பு மனுவை (மெமோ) தாக்கல் செய்த பிறகே அந்நீதிமன்றத்தில் கட்டு முடிக்கப்பட்டது.

காவல் நிலையத்தில் நடந்தது இதைவிட வேதனையானது. நகலை வாங்கிக்கொண்ட எழுத்தர், கணினியில் மாற்றுவது தம் வேலை இல்லை என்றார். அடுத்த முறை சென்றபோது அவர் மாறுதலாகியிருந்தார். கொடுத்த நகல் எங்கே என்று புதியவருக்குத் தெரியவில்லை. தம்பி காவல்துறையின் இணையச் சேவையில் தனக்கான சரிபார்ப்புச் சான்றுக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தான். அதே பழைய வழக்கைச் சுட்டியே பதில் வந்தது. பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புதன்கிழமை நடைபெறும் குறைதீர் நாளில், உத்தரவின் நகலையும் உள்ளூர் நீதிமன்றம் வழக்கை முடித்ததற்கான சான்றையும் இணைத்து மனுக் கொடுத்தோம். அங்கே மனுவுக்கு எண் கொடுத்தார்கள், அதைக் கவனிக்க ஓர் அலுவலரையும் குறித்தார்கள். மூன்று வாரத்தில் பதிவு திருத்தப்பட்டது. ஆகவே நிலையத்துக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு நான்கு என்று மதிப்பெண்களைப் பிரித்தே தர வேண்டியிருக்கிறது.

கடவுச்சீட்டு அலுவலகம் நகலைப் பெற்றுக்கொண்டதும் மறு சரிபார்ப்புக்கு அனுப்பி, தாமதமின்றிக் கடவுச்சீட்டை வழங்கியது. ரத்து உத்தரவுக்குக் காத்திருக்க முடியாத அளவுக்கு அவசரம் உள்ளவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தாலும், வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று வந்தால், குறிப்பிட்ட காலத்துக்குக் கடவுச்சீட்டு வழங்க 1993 ஆகஸ்ட் 25-ஆம் நாளிட்ட அறிவிக்கை இடம் தருகிறது. வழக்கறிஞர் கட்டணம் எட்டாத உயரம் என்று நினைப்பவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், உயர் நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தீராத ஒன்று மட்டும் இருக்கிறது. வழக்கை ரத்து செய்த உத்தரவு உயர் நீதிமன்ற இணையதளத்தில் தம்பியின் முழுப் பெயருடன் இருக்கிறது. விடுதலையான பிறகும் தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்க வேண்டும் என்று கேட்டு ஒருவர் தொடுத்த வழக்கில், 2021-இல் தனி நீதிபதி மறுத்ததை மாற்றி, மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. தீர்ப்புகள் பொதுவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றவாளி அல்லாத ஒருவனின் பெயரைத் தட்டியதும் முதலில் வருவது அவன்மீது வழக்கு இருந்தது என்ற செய்தியாக இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகையால் மறைப்பதில்லை என்று தம்பி முடிவு செய்தான். வழக்கின் விவரத்தை மறைத்தல் வேலைக்கு எப்படியெல்லாம் கேடாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் விரிவாக எடைபோட்டிருக்கிறது. அதை வாசித்த பிறகு அவனுக்குத் தயக்கம் இல்லை. சென்ற மாதம் புதிய நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில், உங்கள்மீது எப்போதாவது வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்ற கேள்விக்கு எதிரே ஆம் என்று எழுதி, ஆண்டையும் பிரிவுகளையும் ரத்தான நாளையும் குறிப்பிட்டு, மீதமிருந்த இரண்டு சான்றிட்ட நகல்களில் ஒன்றை இணைத்து அனுப்பினான். நான்காம் நாள் பணி நியமனக் கடிதம் வந்தது. வழக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.